மறைந்த பந்தும் தாவும் கோலும்



சில திங்களுக்கு முன்பு செங்கற்பட்டில் கல்லூரி மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். வரலாற்றுப் பாடத்தில் ஏதோ ஐயம் கேட்க வந்திருக்கிறார் என்று எண்ணி மகிழ்ந்தேன். அவர் நீட்டியதோ கைப்பேசி. அதில் இரண்டு கோல்களின் படங்கள் இருந்தன. ஒன்று கறுப்பு நிறத்தில் சித்திர வேலைப்பாட்டுடன் பளபளத்தது. மற்றொன்று அலங்காரம் ஏதுமற்ற மரக்கோல்.

"ஐயா, நீங்கள் இளமையில் பிலியர்ட்ஸ் ஆடியவர் என்று கேள்விப்பட்டேன். நான் பூல் ஆடுகிறேன். போட்டிக்கு ஒரு கோல் வாங்க வேண்டும். பந்துக் கூட்டத்தைச் சிதறடிக்கவும், பந்தைத் தாவச் செய்யவும் ஒரே கோல் உதவும் என்று விற்பவர் சொல்கிறார். 'ஜம்ப்-பிரேக் க்யூ' என்று பெயராம். இரண்டு ஆண்டுகள் சிறுவர்களுக்கு மாலைப் பாடம் சொல்லிச் சேர்த்த பணம் இது. நம்பி வாங்கலாமா?" என்று கேட்டார்.

இரண்டு ஆண்டு மாலைப் பொழுதுகள்! அவற்றை விலையாகக் கொடுக்கப்போகும் ஒருவருக்கு வாய்க்கு வந்தபடி விடை சொல்லிவிட முடியுமா? "தம்பி, ஒரு வாரம் பொறுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் மாமல்லபுரம் போய் வருவோம். அதற்குள் இந்தக் கோலின் பழங்கதையைச் சொல்லிவிடுகிறேன்" என்றேன். கோல் வாங்குவதற்கும் பழங்கதைக்கும் என்ன தொடர்பு என்று அவர் முகம் கேட்டது. ஒரு கருவி எந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தது என்று தெரியாதவன், அதன் பளபளப்பைத்தான் விலைக்கு வாங்குவான். ஆகவே அவருக்குச் சொன்ன கதையையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

பிலியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மூன்றும் ஒரு குடும்பத்து ஆட்டங்கள். கல் பதித்துக் கம்பளித் துணி போர்த்திய மேசை. ஓரங்களில் ரப்பர் அணை. கையில் ஒரு கோல். ஆடுபவர் வெள்ளைப் பந்து ஒன்றை மட்டுமே கோலால் தொடலாம். அந்த வெள்ளைப் பந்து சென்று மற்றப் பந்துகளைத் தாக்கிக் குழியில் வீழ்த்த வேண்டும். பூல் ஆட்டத்தில் வண்ணப் பந்துகளை நெருக்கமாக அடுக்கி வைத்து, முதல் அடியில் சிதறடிப்பார்கள். அதுவே 'பிரேக்'. வெள்ளைப் பந்தின் வழியில் வேறொரு பந்து குறுக்கிட்டு நின்றால், அதன் தலைக்கு மேலாக வெள்ளைப் பந்தைத் தாண்டச் செய்வது 'ஜம்ப்'. முதலாவதை உடைப்பு அடி என்றும், இரண்டாவதைத் தாவல் அடி என்றும் நாம் சொல்லிக்கொள்வோம்.

ஆதியில் இந்த ஆட்டத்தில் கூர்ங்கோல் கிடையாது. ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைகளில் பந்தை அடிக்கவில்லை, தள்ளினார்கள். நுனியில் அகன்ற மரக்கட்டை பொருத்திய தடியே அவர்களுடைய கருவி. 'மேஸ்' என்பது அதன் பெயர். பந்து மேசையின் ஓரத்தை ஒட்டி நின்றுவிட்டால் அகன்ற கட்டை அங்கே நுழையாது. அப்போது தடியைத் திருப்பிப் பிடித்து, அதன் மெல்லிய வாலால் பந்தைக் குத்தினார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பழக்கம் பரவியது. வாலைப் பிரெஞ்சு மொழியில் 'க்யூ' என்பர். இன்று உலகெங்கும் ஆட்டக்கோலுக்கு வழங்கும் பெயர் இதுவே. தலை மறைந்தது, வால் நிலைத்தது. அரச வமிசங்களில் மட்டுமன்று, கருவிகளின் குலத்திலும் இப்படி நேர்வதுண்டு.

ஆனால் வெறும் மரநுனிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. பந்தின் நட்ட நடுவில் குத்தினால் நேராகப் போகும். சற்றே விலகினால் வழுக்கிவிடும். இக்குறையை நீக்கியவர் பிரெஞ்சுப் படையில் தலைவராக இருந்த மிங்கோ என்பவர். அரசியல் காரணமாகச் சிறைப்பட்டிருந்த அவர், சிறையிலே இருந்த மேசையில் இரவும் பகலும் ஆடி, கோலின் நுனியில் தோல் ஒட்டும் முறையைக் கண்டார் என்றும், விடுதலைநாள் வந்தபோது இன்னும் சிறிது காலம் உள்ளே இருக்க அனுமதி கேட்டார் என்றும் கதை சொல்வர். ஏறத்தாழ 1807-ஆம் ஆண்டை அக்கண்டுபிடிப்புக்குக் குறிப்பர். சிலர் அந்தச் சிறையைப் பாஸ்டில் கோட்டை என்றே எழுதிவிட்டார்கள். வரலாற்று மாணவர்களே, இங்கே சற்று நில்லுங்கள்! பாஸ்டில் 1789-இல் மக்களால் கைப்பற்றப்பட்டு இடிக்கப்பட்டது. இடிந்துபோன கோட்டையில் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் பந்து விளையாடியிருக்க முடியாது. கதை இனிமையாக இருக்கிறது என்பதற்காக ஆண்டுக் கணக்கை விட்டுவிடலாகாது. மிங்கோ 1827-இல் பாரிசில் தம் ஆட்ட நுணுக்கங்களை நூலாக வெளியிட்டார் என்பது உறுதியான செய்தி.

தோல் வந்த பின்பு, பந்தின் இடப்புறமோ வலப்புறமோ கீழ்ப்புறமோ அடித்து அதைச் சுழலச் செய்ய முடிந்தது. முன்னே போன பந்து தன் காரியத்தை முடித்துவிட்டுப் பின்னே திரும்பி வருவதைக் கண்டவர்கள் மாயவித்தை என்றே எண்ணினார்களாம். இங்கிலாந்தில் பாத் நகரத்து ஆட்டக்கூடம் ஒன்றில் ஜாக் கார் என்ற பணியாள் இருந்தார். ஆட்டக் கணக்கைச் சொல்லிக் கோல்களைப் பேணும் அத்தகைய பணியாளருக்கு 'மார்க்கர்' என்று பெயர். அவர் நுனித்தோலில் சுண்ணப்பொடி தடவி ஆடினார். பந்து வியக்கத்தக்கவாறு சுழன்றது. சுழலுக்குக் காரணம் பொடியின் மந்திரமே என்று சொல்லி, சிறுசிறு பெட்டிகளில் அடைத்து நல்ல விலைக்கு விற்றார். மந்திரம் பொடியில் இல்லை; வழுக்காமற் பற்றிக்கொள்ளும் உராய்வில் இருந்தது. 1897-இல் ஸ்பிங்க்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரரும் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாரும் சேர்ந்து புதிய கலவைக்கு உரிமை பெற்றார்கள். இன்று நாம் 'சாக்' என்று சொல்லித் தடவும் நீலக்கட்டியில் சாக் இல்லை. நுண்ணிய மணற்சத்தும் கடுந்துகள்களுமே இருக்கின்றன. பெயர் மட்டும் பழையது.

இதற்கிடையில் மேசையும் மாறிக்கொண்டே வந்தது. லண்டனில் தர்ஸ்டன் என்பவர் 1826 முதல் மரப்பலகைக்குப் பதிலாக ஸ்லேட் கல்லைப் பதிக்கலானார். சில ஆண்டுகளில் ஓரங்களுக்கு ரப்பர் வந்தது. கல் தளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பந்து தாவுவதற்கு அந்தக் கல்லே காரணம். பின்னால் அதற்கு வருகிறேன்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1875-ஆம் ஆண்டு, மத்திய இந்தியாவில் ஜபல்பூர் நகரம், மழைக்காலம். வெளியே போக வழியில்லாத இளம் படையதிகாரிகள் பிலியர்ட்ஸ் மேசையைச் சுற்றி நின்று பந்தயம் கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களிற் பத்தொன்பது வயதினரான நெவில் சேம்பர்லின் என்பவர், பழைய ஆட்டத்துடன் மேலும் வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். (பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறு, இவர் வேறு.) எளிதான அடியைத் தவறவிட்ட ஒருவரை அவர் 'ஸ்னூக்கர்' என்று கேலி செய்தார். படைப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்த மாணவனைக் குறிக்கும் பரிகாசச் சொல் அது. அந்தப் பரிகாசமே ஆட்டத்தின் பெயராயிற்று.

பின்னர் சேம்பர்லின் ஆப்கானியப் போரில் காயமுற்றார். அதன் பிறகு, சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக 1881-இல் வந்த சர் பிரெடரிக் ராபர்ட்ஸிடம் பணிபுரிந்தார். கோடைக்காலத்தில் சென்னை அரசாங்கமே உதகமண்டலத்துக்கு மலையேறிய காலம் அது. உதகை மன்றத்தின் ஆட்ட அறையில் 1882-இல் ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. உலகம் முழுவதும் இன்று கோடிக்கணக்கானோர் கண்டு களிக்கும் ஓர் ஆட்டம் தன் சட்டத்தைப் பெற்றது நம் நீலகிரியில். மலை ரயில் உதகையை அடைந்தது 1908-இல்தான். ஆதலின் அந்த மேசையின் கற்பலகைகள் மலைப்பாதையில் வண்டி மாடுகளின் தோளிலும் மனிதர் தோளிலும் ஏறியிருக்க வேண்டும். ஆட்டத்தைப் பற்றி எழுதுவோர் சேம்பர்லினை மறப்பதில்லை. கல் சுமந்தவர்களை எவரும் நினைப்பதில்லை.

கல் சுமந்தவர்கள் மட்டுமா? ஐரோப்பியருக்கென அமைந்த மன்றங்கள் பலவற்றில் இந்தியர் உறுப்பினராக இயலாத காலம் அது. சென்னையில் இந்தியர்கள் தமக்கென்று காஸ்மாபாலிட்டன் கிளப்பை 1873-இல் அமைத்துக்கொண்டதற்கு அந்நிலையும் ஒரு காரணம். ஆனால் ஐரோப்பிய மன்றங்களின் ஆட்ட அறைக்குள்ளே இந்தியர் இல்லாமலில்லை. கதவோரம் நின்ற மார்க்கர் நம்மவர். நிறுத்தியில் வரிசையாகச் சாய்ந்திருக்கும் கோல்களில் எது நேரானது, எதன் தோல் தேய்ந்தது, எந்தத் துரைக்கு எந்தக் கனம் ஒத்துவரும் என்று அறிந்தவர் அவர். துரை கை நீட்டும்போது கோலைத் தேர்ந்து கொடுத்தவரும் அவரே. துரைகள் உறங்கச் சென்ற பின்பு அவர்களிற் சிலர் பச்சை விளக்கின் கீழ் தாமும் ஆடிப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதற்கு எனக்கு ஏடு தேவையில்லை. மனித இயல்பு போதும்.

அக்கதவு திறந்தது. புனேயில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் 1958-இல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பிலியர்ட்ஸ் போட்டியில் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவில் தனியொருவராக உலகப் பட்டம் பெற்ற முதல் வீரர் அவரே. 1964-இல் நியூசிலாந்தில் மீண்டும் வென்றார். 1973-இல் பம்பாயில் நடந்த அதே போட்டியில் இலங்கையைச் சேர்ந்த லாஃபிர் வாகை சூடினார். 1984-இல் ஓம் அகர்வால் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். கீத் சேத்தி, பங்கஜ் அத்வானி ஆகியோரைப் பற்றி இக்கால மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நம் மாணவரின் கோலுக்கு வழி திறக்கிறது. ஸ்னூக்கரின் உயிர்நாடி எது? எதிரியின் வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் பின்னே மறைத்து வைப்பது. அவர் அடிக்க வேண்டிய பந்து அவர் கண்ணுக்கு நேரே தெரியாது. இப்படி மறைப்பதற்கே 'ஸ்னூக்கர் செய்தல்' என்ற வழக்கு உண்டாயிற்று. மறைப்பில் அகப்பட்டவர் என்ன செய்யலாம்? ஓர அணையில் மோதவிட்டுச் சுற்றுவழியாகப் போகலாம். அல்லது சுழலேற்றி வளைத்து அனுப்பலாம். தலைக்கு மேலாகத் தாண்டக் கூடாது. சில விலக்குகள் நீங்கலாக, ஸ்னூக்கரில் தாவல் அடி குற்றம்.

பூல் ஆட்டத்தின் சட்டம் வேறு. 'பூல்' என்னும் சொல் ஆடுவோர் எல்லாரும் போட்டுச் சேர்த்த பந்தயப் பணத்தைக் குறித்தது. அமெரிக்காவில் வளர்ந்த இந்த ஆட்டம் தாவலை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட பின்பு அதற்கென்றே ஒரு கோல் தேவைப்பட்டது. சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் குட்டையான, கனம் குறைந்த, கெட்டி நுனியுள்ள தாவல் கோல்கள் பெருகின. முழுக்கோலால் எளிதில் செய்ய முடியாததைச் சிறு கோல் செய்தது. பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எதிரி அரும்பாடுபட்டு மறைத்து வைத்த பந்தை ஒரு குட்டைக் கோல் நொடியில் மீட்டுவிடுகிறது என்றால், மறைக்கும் கலைக்கு மதிப்பு என்ன என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால் சட்டம் செய்வோர் ஓர் எல்லை வகுத்தார்கள். உலகப் பூல் அமைப்பின் விதிப்படி கோலின் நீளம் 40 அங்குலத்துக்குக் குறையலாகாது; கனம் 25 அவுன்சுக்கு மிகலாகாது; நுனியின் அகலம் 14 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. பந்தின் அடியிலே கோலை நுழைத்து அகப்பை போல அள்ளித் தூக்குவதும் குற்றம்.

அள்ளாமல் எப்படித் தாவும்? நம் ஊர்க் கிட்டிப்புள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளின் கூர்முனையைக் கீழ்நோக்கித் தட்டினால் அது மேலே எழும்புகிறது. அங்கே நெம்புகோல் முறை. இங்கே காரணம் வேறு, கட்டளை ஒன்றே: மேலே எழ வேண்டுமானால் கீழே அடி. கோலின் பின்புறத்தை உயர்த்தி, பந்தைச் சாய்வாகக் கீழ்நோக்கி அடித்தால், பந்து துணியை அழுத்தி அடியிலுள்ள கல் தளத்தில் மோதி மீண்டெழும். அந்தக் கணத்தில் கோல் விலகி வழிவிட வேண்டும். கனமான கோல் விலகாது; எழும் பந்தைத் தன் நுனிக்கும் கல்லுக்கும் இடையே சிறைப்படுத்திவிடும். ஆகவே தாவலுக்கு இலேசான கோல். நீளமான கோலைச் செங்குத்தாக உயர்த்தினால் கை தடுமாறும். ஆகவே குட்டையான கோல். நுனித்தோல் மென்மையாக இருந்தால் அமுங்கி, அடியின் வலிமையில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடும். ஆகவே கெட்டி நுனி.

உடைப்பு அடிக்கும் கெட்டி நுனி நல்லது, காரணம் அதுவே. ஆனால் அதற்கு முழு நீளம் வேண்டும். கையோடு இசைந்த கனமும் வேண்டும். கனம் கூடக்கூட உடைப்பு வலுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையன்று. கனம் ஏறினால் கையின் வேகம் குறையும். வேகத்தின் பங்கு கனத்தின் பங்கைவிடப் பெரியது என்பதை இயற்பியல் படிக்கும் மாணவர்கள் அறிவார்கள்.

எனவே 'ஜம்ப்-பிரேக் க்யூ' என்பது ஓர் உடன்படிக்கை. நுனியைப் பற்றி இரண்டு வேலைகளும் ஒத்துப்போகின்றன. நீளத்தையும் கனத்தையும் பற்றி முரண்படுகின்றன. அம்முரண்பாட்டைத் தீர்க்கக் கோலின் அடிப்பகுதியில் கூடுதலாக ஒரு திருகு மூட்டு வைத்தார்கள். முழுக்கோலால் உடைக்கலாம், பின்துண்டைக் கழற்றிவிட்டுத் தாவலாம். நல்ல உபாயந்தான். ஆனால் எந்தக் கோலிலும் முதலில் தளர்வது மூட்டு. இக்கோலிலோ மூட்டுகள் கூடுதல்.

கெட்டி நுனியைப் பற்றி ஒரு செய்தி. அதைச் செய்யும் பினாலிக் பிசின், பேக்லண்டு என்பவர் 1907-இல் கண்ட பேக்லைட்டின் குலத்தைச் சேர்ந்தது. பழைய வானொலிப் பெட்டிகளின் பழுப்புக் கூட்டைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் கெட்டித்தன்மை தெரியும். யானைத் தந்தத்தால் செய்த பந்துகள் மறைந்த பிறகு, இக்காலப் பந்துகளுக்கும் அதே குலத்துப் பிசின்தான். பந்தும் நுனியும் ஏறக்குறைய ஒரே பொருள்! அதனால் அடி வலுக்கிறது. அதனாலேயே சுழலுக்கு வேண்டிய பற்று குறைகிறது. பந்தின் மேனியிலும் வடுப்படுகிறது. மிங்கோ தோல் ஒட்டி மரநுனியின் குறையை நீக்கினார். இருநூறு ஆண்டு கழித்து நாம் வலிமைக்காக அந்தத் தோலை நீக்கிவிட்டோம். பிசின் நுனியைச் சில போட்டிகளில் அனுமதிப்பதில்லை. வாங்குவதற்கு முன் போட்டி நடத்துவோரைக் கேட்டுவிட வேண்டும். வாங்கிய பின் கேட்டுப் பயனில்லை.

குறித்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் மாமல்லபுரம் சென்றோம். கடற்கரையை நோக்கிப் போகாமல், வேலை முற்றுப்பெறாத ஒரு பாறை முகத்தின் முன் அவரை நிறுத்தினேன். பல்லவர் காலத்துச் சிற்பிகள் பாறையில் குறுக்கும் நெடுக்கும் பள்ளக் கோடுகள் இழைத்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, பிறகு கட்டங்களை உடைத்துத் தள்ளியிருக்கிறார்கள். அந்த அடையாளங்கள் இன்றும் தெரிகின்றன. பக்கத்திலேயே மெருகேறிய உருவங்கள். "உடைத்த உளியும் கண்ணிமையைச் செதுக்கிய உளியும் ஒன்றாக இருந்திருக்குமா, தம்பி?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

அங்கிருந்து ஒரு சிற்பக்கூடத்துக்குப் போனோம். 1957-இல் அரசு அங்கே சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது முதல் கற்றவர்களும், பரம்பரையாகத் தொழில் செய்பவர்களும் அந்த ஊரில் நிறைந்திருக்கிறார்கள். முதியவர் ஒருவர் கருங்கல்லைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெண்கல மணிபோல் ஒலித்தால் ஆண் கல். தாளம்போல் ஒலித்தால் பெண் கல். ஒலியற்றது சிலைக்கு ஆகாது என்பது சிற்ப மரபு. உள்ளே பிளவு இருந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றார். "கல்லைப் பார்த்து வாங்காதீர்கள், கேட்டு வாங்குங்கள்" என்று அவர் சொன்னதை மாணவர் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

கோலுக்கும் அதே சோதனை உண்டு. அடிப்பகுதியைத் தரையில் மெல்லத் தட்டினால் ஒரே ஒலி வர வேண்டும். கடகட என்றால் மூட்டு தளர்ந்திருக்கிறது. மேசையின் மேல் உருட்டினால் நுனி துள்ளாமல் ஓட வேண்டும். முழுதாகப் பூட்டி ஒருமுறை, துண்டு துண்டாகக் கழற்றி ஒருமுறை உருட்டிப் பார்க்க வேண்டும். துண்டுகள் நேராக இருந்து பூட்டியபின் கோணினால் குறை மூட்டில். துண்டே கோணினால் குறை மரத்தில். உலக்கைக்குப் பூண் இடுவதுபோல, நுனித்தோலுக்குக் கீழே கோலிலும் ஒரு பூண் உண்டு. உடைப்பு அடியின் அதிர்ச்சி முதலில் தாக்குவது அதனை. நகத்தால் வருடிப் பார்த்தால் மயிரிழை வெடிப்பும் தட்டுப்படும்.

மரத்தைப் பற்றிச் சொல்லும்போது என் கதையையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரி நாளில் நானும் இப்படிப் பணம் சேர்த்து, முத்துச் சிப்பி பதித்த கோல் ஒன்றை வாங்கினேன். விற்றவரின் பெயரும் கடையும் வேண்டாம். கடற்கரையை அடுத்த வீட்டின் சுவரில் அதை ஒரு மழைக்காலம் முழுவதும் சாய்த்து வைத்திருந்தேன். ஈரக்காற்றும் சாய்வும் சேர்ந்து வில்லாக வளைத்துவிட்டன. இறுதி ஆட்டத்தில் குழிவாயிலேயே நின்ற ஒரு பந்தைத் தவறவிட்டேன். எதிரே நின்றவர் என் கோலைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சிப்பி மட்டும் கடைசிவரை மின்னிற்று.

இக்காலத்தில் கரியிழைத் தண்டுகள் வந்திருக்கின்றன. ஈரம் அவற்றை எளிதில் வளைப்பதில்லை. கடலோர ஊர்களில் வாழ்வோருக்கு அது மெய்யான நன்மை. விலை மிகுதி. மரமே வாங்கினாலும் குறையில்லை. கிடத்தியோ செங்குத்தாக நிறுத்தியோ வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடக் கூடாது.

திரும்பும் வழியில், சரிவில் நிற்கும் பெரும் பாறை உருண்டையை மாணவர் பார்க்க விரும்பினார். கண்ணனின் வெண்ணெய் உருண்டை என்று மக்கள் அழைக்கும் அதனை, 1908-இல் ஆளுநர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசைக்க முடியவில்லை என்று சொல்வார்கள். சிறுவர்கள் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நிழலில் அமர்ந்து நான் கேட்டேன்: "ஒரு போட்டியில் உங்களுக்கு எத்தனை முறை உடைப்பு அடி வரும்?"

"ஆட்டத்துக்கு ஆட்டம் வரும், ஐயா."

"தாவல் அடி?"

அவர் விரல்விட்டு எண்ணினார். சென்ற மூன்று போட்டிகளில் இரண்டே முறை. அந்த இரண்டில் ஒருமுறை அணையில் மோதவிட்டுச் சுற்றுவழியாகவே பந்தைத் தொட்டிருக்கலாம் என்று அவரே சொன்னார்.

"உடைப்புக்குப் பின் மற்ற அடிகளுக்கெல்லாம்?"

"ஆட்டக்கூடத்துப் பொதுக்கோல்."

"அது நேராக இருக்கிறதா?"

அவர் மறுமொழி சொல்லவில்லை.

அடுத்த வாரம் சென்னைக் கடைக்கு இருவரும் சென்றோம். கறுப்புக் கோலை எடுத்துப் பூட்டி, கடையிலிருந்த மேசையின் மேல் அவர் உருட்டினார். நுனி துள்ளிற்று. கழற்றி உருட்டினார், துண்டுகள் நேராக ஓடின. பின் மூட்டில் குறை. கடைக்காரர் வேறொன்று எடுத்துத் தருவதாகச் சொன்னார். அவர் வேண்டாம் என்று கூறிவிட்டு, அலங்காரமற்ற மரக்கோல்களில் ஐந்தை ஒவ்வொன்றாக உருட்டி, தரையில் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். நான்காவதை எடுத்துக்கொண்டார். தோல் நுனியுடைய சாதாரண ஆட்டக்கோல் அது. மிச்சப் பணத்தில் ஓர் உறையும் வாங்கினார்.

போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. உடைப்பு அடிக்குப் பொதுக்கோலையே பயன்படுத்தப் போகிறாராம். அது வளைந்திருந்தால் பந்துக் கூட்டத்துக்கு என்ன தெரியப்போகிறது என்கிறார்.